பூரட்டாதிக்குப் பக்கத்தில் ஒரு கோள்: மதுரை மொட்டை மாடியிலிருந்து புறக்கோளை அளக்க முழு வழிகாட்டி

உங்கள் வீட்டில் பூரட்டாதியில் பிறந்தவர் யாராவது இருக்கிறார்களா? ஜாதகக் கட்டத்தில் மட்டுமே பார்த்துப் பழகிய அந்தப் பெயருக்கு வானத்தில் ஓர் இடம் உண்டு. ஐப்பசி இரவுகளில் மதுரைக்கு ஏறக்குறைய நேர் மேலே வந்து நிற்கும் பெரிய சதுரத்தில் மேற்குப் பக்கத்து நட்சத்திரங்கள் இரண்டும் பூரட்டாதி, கிழக்குப் பக்கத்து இரண்டும் உத்திரட்டாதி. பூரட்டாதியின் இரண்டையும் மனதுக்குள் ஒரு கோடு போட்டு இணைத்து, கோட்டின் நடுவுக்கு வாருங்கள். அங்கிருந்து ஒன்றரை டிகிரி மேற்கே தள்ளி 51 பெகாசி என்ற மங்கலான நட்சத்திரம் இருக்கிறது. சூரியனைப் போன்ற இன்னொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை முதன்முதலில் கண்டுபிடித்தது அங்கேதான். இப்படி வேறு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளைத்தான் புறக்கோள் என்கிறோம். 1995-ல் மிஷல் மேயரும் டிடியே கெலோஸும் கண்டார்கள், 2019-ல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார்கள். அதே நடுப்புள்ளியிலிருந்து ஒரு டிகிரிக்கும் குறைவாகக் கிழக்கே வந்தால் எச்ஆர் 8799. ஒரே நட்சத்திரத்தைச் சுற்றும் பல கோள்கள் நேரடியாகப் படத்தில் விழுந்த முதல் இடம் அது, 2008-ல். இதே பெகாசஸ் விண்மீன் கூட்டத்தில் கொஞ்சம் மேற்கே தள்ளி எச்டி 209458 இருக்கிறது. ஒரு கோள் தன் நட்சத்திரத்தின் முகத்துக்குக் குறுக்கே போவதை 1999-ல் முதன்முறையாக அளந்தது அதில்தான்.

கடைசியாகச் சொன்ன அந்த வகை அளவீட்டை உங்கள் வீட்டு மாடியிலேயே செய்யலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இணையத்தில் சுற்றும் நீலக் கோள், ஆரஞ்சுக் கோள், கடல் தெரியும் கோள் படங்களில் ஏறக்குறைய எல்லாமே ஓவியர்கள் வரைந்தவை, அவற்றைப் பார்த்துப் பார்த்து நாம் இந்த விஷயத்தைத் தப்பாகவே புரிந்துவைத்திருக்கிறோம். விஞ்ஞானிகள் கையில் பெரும்பாலும் இருப்பது ஒரு புள்ளியின் வெளிச்சக் கணக்குதான். அந்தக் கணக்கை ஒரே ஒரு முறை நாமே போட்டு, ஒரு நட்சத்திரம் 2 சதவீதம் மங்கி மீண்டதை நம் கண்முன்னால் பார்த்துவிட்டால், அந்த ஓவியங்கள் எதுவும் தராத நிச்சயம் ஒன்று மனதில் உட்கார்ந்துவிடும்.

முதலில் ஒரு குண்டு பல்பும் ஒரு பட்டாணியும்

டெலஸ்கோப் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். சுமார் 10 செ.மீ விட்டமுள்ள பால்வெள்ளை உருண்டை பல்பு ஒன்றை இருட்டறையில் எரியவிட்டு, ஒரு மீட்டர் தள்ளி போனை வைத்து, வெளிச்சம் அளக்கும் இலவச ஆப் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். 1 செ.மீ பருமனுள்ள காய்ந்த பட்டாணியை நூலில் ஒட்டி, பல்பை ஒட்டினாற்போல் மெதுவாகக் குறுக்கே நகர்த்துங்கள். பல்பு சூரியன் என்றால் பட்டாணி வியாழன். விட்டம் பத்தில் ஒரு பங்கு என்பதால் மறைக்கும் பரப்பு நூறில் ஒரு பங்கு, ஆக வெளிச்சம் 1 சதவீதம் குறையும். இதே அளவில் பூமி ஒரு கசகசா. அது மறைப்பது 0.01 சதவீதத்துக்கும் குறைவு. மாடியிலிருந்து நாம் ஏன் பூமி போன்ற கோளைத் தேடப் போவதில்லை, ஏன் வியாழன் போன்றவற்றோடு நிற்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இன்னொரு விஷயத்தையும் அந்தப் பல்பே சொல்லிக்கொடுக்கும். வீட்டு மின்சாரம் கொஞ்சம் ஏறி இறங்கினால் போனில் தெரியும் எண்ணும் ஆடும், பட்டாணி மறைத்ததா கரண்ட் குறைந்ததா என்று குழம்பிப் போவீர்கள். பக்கத்தில் அதே லைனில் இன்னொரு பல்பை எரியவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால்தான் தெளிவு கிடைக்கும். வானத்திலும் இதே வேலைதான், ஒப்பீட்டு நட்சத்திரம் என்று பின்னால் வரும்.

கோள் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போவதைக் கடப்பு என்கிறோம், டிரான்சிட் என்று சொன்னாலும் சரி. எல்லாக் கோளும் இப்படி நமக்கும் அதன் நட்சத்திரத்துக்கும் நடுவே வராது, சுற்றுப்பாதை சரியான சாய்வில் இருக்க வேண்டும். நட்சத்திரத்தை ஒட்டிச் சுற்றும் பெரிய கோள்களுக்கு அந்த வாய்ப்பு பத்தில் ஒன்று. பூமி சூரியனைச் சுற்றும் தூரத்தில் இருப்பவைக்கு இருநூறில் ஒன்று. அப்படியிருந்தும் உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களில் நான்கில் மூன்று பங்கு இந்த வழியில் கிடைத்தவைதான். மொத்த எண்ணிக்கை 2022 மார்ச்சில் 5,000-ஐயும் 2025 செப்டம்பரில் 6,000-ஐயும் தாண்டியது.

கடப்பு இல்லாத கோள்களைத் தள்ளாட்டத்தை வைத்துப் பிடிக்கிறார்கள். கோள் இழுக்க இழுக்க நட்சத்திரமும் லேசாக முன்னும் பின்னும் நகரும், அந்த வேகம் நிறமாலையில், அதாவது நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்ப்பதில், தெரியும். 51 பெகாசி நொடிக்கு 56 மீட்டர் வேகத்தில் ஆடுகிறது, மணிக்கு 200 கிலோமீட்டர். வைகை எக்ஸ்பிரஸ்கூட அந்த வேகத்தில் ஓடுவதில்லை. ஆனால் 50 ஒளியாண்டு தூரத்திலிருந்து அதை அளக்கப் பெரிய ஆய்வகத்தின் நிறமாலைமானி வேண்டும், அது மாடி வேலை இல்லை, அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது: கண்ணால் பார்த்துப் பழகுங்கள்

கருவி எதுவும் இல்லாத மாதங்களில் இதைச் செய்யலாம், வீட்டுப் பிள்ளைகளையும் மாடிக்குக் கூட்டிப் போங்கள். மாசி, பங்குனியில் உச்சிக்கு வரும் புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்களில் பிரகாசமானது போலக்ஸ். 34 ஒளியாண்டு தூரத்திலுள்ள அதை வியாழனைவிடப் பெரிய எடையுள்ள ஒரு கோள் சுற்றுவது 2006-ல் உறுதியானது, அந்தக் கோளின் ஓர் ஆண்டு நம் 590 நாள். ரோகிணியைப் பார்த்திருப்பீர்கள், சிவப்பாக, கவிழ்ந்த வி எழுத்தின் ஒரு நுனியில் நிற்கும். அதன் மறு நுனி நட்சத்திரத்துக்கு 2007-ல் கோள் கண்டார்கள். ரோகிணிக்கே கோள் இருப்பதாகவும் ஒரு காலத்தில் சொன்னார்கள், பிற்பாடு வந்த அளவீடுகள் அதைச் சந்தேகத்தில் தள்ளிவிட்டன. இந்தத் துறையில் இது அடிக்கடி நடக்கும், பழகிக்கொள்ளுங்கள்.

வைகாசி, ஆனி இரவுகளில் தெற்குத் தொடுவானத்துக்கு மேலே 19 டிகிரி உயரத்தில் ஆல்ஃபா சென்டாரி தெரியும். டெல்லிக்காரர்களுக்கு அது எட்டாது, நமக்குக் கிடைத்த வரம். அதன் துணையான பிராக்சிமாவைத்தான் நமக்கு மிக அருகில் உள்ள புறக்கோள் சுற்றுகிறது, 4.24 ஒளியாண்டு தூரத்தில், 11.2 நாளுக்கு ஒரு சுற்று. பிராக்சிமா வெறும் கண்ணுக்குத் தெரியாது, திசையை மட்டும் காட்டலாம்.

நகரத்துக்குள் இருந்து 51 பெகாசியும் எச்ஆர் 8799-ம் தெரியாது. நட்சத்திரப் பிரகாசத்துக்கு ஒரு பொலிவெண் உண்டு, எண் கூடக் கூட மங்கல். இவை 5.5, 6. மதுரைக்குள் விளக்கு வெளிச்சம் 3-க்கு மேல் விடுவதே பெரிய விஷயம். 10x50 பைனாகுலர் இருந்தால் மாடியிலிருந்தே கிடைக்கும், இல்லையென்றால் அழகர்மலை அடிவாரம் பக்கமோ நாகமலைக்கு மேற்கேயோ ஒரு ராத்திரி போய் வாருங்கள்.

மூன்றாவது: லேப்டாப்பில் முதல் கோள்

மாடிக்கு ஏறுமுன் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு கோளைப் பிடித்துவிடுங்கள். புறக்கோள்களைத் தேட 2018 ஏப்ரலில் ஏவப்பட்ட டெஸ் விண்கலம் வானத்தின் ஒவ்வொரு துண்டையும் 27 நாள் வைத்த கண் வாங்காமல் பார்க்கிறது, அந்தத் தரவு முழுவதும் எல்லோருக்கும் இலவசம். அதற்கு முன் 2009 முதல் 2018 வரை வேலை செய்த கெப்ளர் விண்கலத்தின் தரவும் அப்படியே இருக்கிறது. இணையத்திலேயே நிரல்களை ஓட்டவிடும் கூகுள் கோலாபைத் திறந்து, லைட்கர்வ் என்ற பைதான் நிரல் தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் எவ்வளவு பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, வேலை நடப்பது அங்கே.

முதல் நட்சத்திரமாக வாஸ்ப்-18 எடுங்கள், இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன். அதன் கோள் வியாழனைப் போல் பத்து மடங்கு எடை, ஒரு சுற்றுக்கு 0.94 நாள்தான், அதனால் ஒரே 27 நாள் துண்டில் இருபதுக்கு மேற்பட்ட கடப்புகள் கிடைத்துவிடும். பெயரைக் கொடுத்துத் தேடி, ஒரு துண்டை இறக்கி, வரைபடமாகப் போடுங்கள். புள்ளிகளின் பட்டையிலிருந்து சீப்பின் பற்கள் போல ஒரே இடைவெளியில் கீழே தொங்கும் கோடுகள் தெரியும். நட்சத்திரத்தின் சொந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கட்டளையைக் கொடுத்து, பிறகு 0.94 நாளுக்கு ஒரு முறை மடிக்கச் சொல்லுங்கள். மடிப்பது என்றால் நிஜமாகவே மடிப்புதான், புடவையை மடிக்கும்போது கரை கரைமேல் உட்காருவது போல எல்லாக் கடப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து, ஒரே ஒரு தெளிவான பள்ளம் எழும்பும். ஆழம் சுமார் 1 சதவீதம், பட்டாணி செய்த அதே வேலை.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு துண்டின் நடுவிலும் தரவே இல்லாமல் ஓர் இடைவெளி வரும், டெஸ் பூமிக்குத் தரவு அனுப்பும் நேரம் அது. அதை ஒட்டி வரும் சரிவுகளைக் கண்டுபிடிப்பு என்று நினைத்துப் பரபரப்பாகாதீர்கள்.

நான்காவது: எந்த நட்சத்திரம், எந்த இரவு

மாடிக்கு நான் பரிந்துரைப்பது எச்டி 189733. பொலிவெண் 7.7, தூரம் 64 ஒளியாண்டு. கடப்பின் ஆழம் 2.4 சதவீதம், பிரகாசமான நட்சத்திரங்களுக்கு இவ்வளவு ஆழம் அபூர்வம். கடப்பு ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிடும், இரவு முழுக்க விழிக்க வேண்டியதில்லை. மதுரையில் 77 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. ஆவணி மாதம் இரவு பத்து மணிக்கு உச்சியில் இருக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். திருவோணத்தின் மூன்று நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டு வடக்கே போங்கள், அம்பு போலவே சின்னதாக ஒரு கூட்டம் வரும். அம்பின் முனை நட்சத்திரத்துக்கு வடக்கே, கையை நீட்டினால் இரண்டு விரல் அகலத்தில், டம்பெல் நெபுலா என்ற மங்கலான பஞ்சுத் திட்டு. அதற்குக் கிழக்கே முழு நிலவின் பாதி அகலம் நகர்ந்தால் நம் நட்சத்திரம். படத்தில் நெபுலாவும் கூடவே விழுவதால், சரியான இடத்தைத்தான் பார்க்கிறோமா என்ற கவலையே இருக்காது.

இந்தக் கோள் 2.2186 நாளுக்கு ஒரு முறை சுற்றுகிறது, அதாவது 2 நாள் 5 மணி 15 நிமிடம். எனவே ஒரு கடப்பு முன்னிரவில் வந்தால் அடுத்தது பின்னிரவுக்கும் அதற்கடுத்தது பகலுக்கும் போய்விடும். ஒன்பது சுற்று சேர்ந்தால் 20 நாளுக்கு 47 நிமிடம் குறைவு. ஆகவே ஒரு நல்ல கடப்பைத் தவறவிட்டால் காலண்டரில் 20 நாள் தள்ளிக் குறித்துக்கொள்ளுங்கள், முக்கால் மணி நேரம் முன்னதாக மறுபடி வரும். துல்லியமான நேரத்துக்கு ஸ்வார்த்மோர் கல்லூரியின் கடப்புக் கணிப்பான் இணையத்தில் இருக்கிறது. மதுரையின் அட்சரேகை 9.92 வடக்கு, தீர்க்கரேகை 78.12 கிழக்கு என்று கொடுத்தால் வரும் நாட்களின் பட்டியலைக் கொடுத்துவிடும். இந்திய நேரமா உலக நேரமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் ஒரு முழு இரவு போய்விடும்.

சரி, ஆவணிக்கு இன்னும் மாதங்கள் இருந்தால்? பங்குனியில் வாஸ்ப்-43 இருக்கிறது. 19.5 மணி நேரத்துக்கு ஒரு சுற்று, ஆழம் 2.5 சதவீதம், ஒரு மணிக்குச் சற்று மேலேதான் கடப்பு. ஆனால் பொலிவெண் 12.4, ஆறு அங்குலத்துக்குக் குறையாத டெலஸ்கோப்பும் நல்ல கேமராவும் வேண்டும். அதே விண்மீன் கூட்டத்தில்தான் எச்டி 86081 இருக்கிறது, 2019-ல் இந்தியாவின் சார்பில் அந்த நட்சத்திரத்துக்கு பிபா என்றும் கோளுக்கு சாந்தமசா என்றும் பெயர் வைத்தார்கள். பிபா என்பது இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக. அது தள்ளாட்டத்தில் கிடைத்த கோள், கடப்பு கிடையாது, பைனாகுலரில் நட்சத்திரத்தைப் பார்த்து மகிழலாம். ஐப்பசி, கார்த்திகை நமக்கு அடைமழைக் காலம், அந்த மாதங்களை லேப்டாப்புக்கு ஒதுக்கிவிடுங்கள்.

ஐந்தாவது: மாடியில் என்ன வேண்டும்

குறைந்தபட்சம், பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று, 200 மி.மீ லென்ஸ் ஒன்று, வானத்தின் சுழற்சியோடு கேமராவைத் திருப்பும் ஸ்டார் டிராக்கர் ஒன்று. எச்டி 189733-க்கு இது போதும். டெலஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. டிராக்கர் இல்லாமல் செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், வேண்டாம், நட்சத்திரம் சென்சாரில் ஊர்ந்துகொண்டே போனால் 2 சதவீதத்தை நம்ப முடியாது.

நம் ஊர் மாடிக்கென்று இரண்டு பிரச்சினை. ஒன்று, தளம் பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரை கக்கும், அந்த அனலில் நட்சத்திரம் கொதிக்கும். சாயங்காலமே நாலு வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள், நல்ல வித்தியாசம் தெரியும். இரண்டாவது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் முக்காலி எம்மாத்திரம். தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்க மறைவில் வைத்து, முக்காலியின் நடுவில் ஒரு செங்கல் பையைத் தொங்கவிடுங்கள். மேற்கிலிருந்து அடிக்கும் காற்று தொட்டியோடு நின்றுவிடும்.

கேமரா நேரத்தைப் போனில் இணைய நேரத்தோடு நொடி பிசகாமல் சரிசெய்யுங்கள். இதில் சோம்பல்பட்டால் மற்ற எல்லா உழைப்பும் வீண், ஏனென்றால் கடைசியில் உங்கள் அளவீட்டின் மதிப்பே கடப்பின் நடு நேரம்தான்.

ஆறாவது: அந்த நாலு மணி நேரம்

கடப்புக்கு முன் ஒரு மணி நேரம், பின் ஒரு மணி நேரம், நடுவில் கடப்பு. முன்னும் பின்னும் சமதளம் இருந்தால்தான் நடுவில் பள்ளம் என்று சொல்ல முடியும், அதனால் அந்த இரண்டு மணி நேரத்தைக் குறைக்காதீர்கள்.

மாலை மங்கும்போதே லென்ஸ் வாயில் வெள்ளை வேட்டித் துணியை இழுத்துக் கட்டி வானத்தை நோக்கி இருபது படம் எடுத்துவையுங்கள். லென்ஸின் ஓரக் கருமையையும் சென்சார் தூசியையும் பிற்பாடு கழிக்க இவை வேண்டும். இரவு முடிந்ததும் மூடியைப் போட்டுவிட்டு, அதே நேர அளவில் இருபது கறுப்புப் படமும் எடுங்கள்.

பிறகு ஃபோகஸ். என் முதல் முயற்சி முழுதாக வீணானது இதில்தான். அழகான படம் எடுக்கும் பழக்கத்தில் நட்சத்திரங்களை ஊசிமுனையாக்கி வைத்திருந்தேன், நான்கு மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் நட்சத்திரத்தின் நடுப் பிக்சல்கள் எல்லாப் படத்திலும் நிரம்பி வழிந்திருந்தன. நிரம்பிய குடத்தில் இன்னும் எவ்வளவு தண்ணீர் விழுந்தது என்று எப்படிச் சொல்வது? ஃபோகஸை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்து, நட்சத்திரத்தைச் சின்ன வட்டமாக ஆக்குங்கள். சுத்தப் படக் கோப்பில், அதாவது ரா வடிவத்தில், ஒவ்வொரு படமும் 20 முதல் 30 நொடி. மிகப் பிரகாசமான பிக்சல் கொள்ளளவில் பாதியைத் தொட்டால் சரியான அளவு. அதற்குப் பிறகு எந்த அமைப்பையும் தொடாதீர்கள். இடையில் படம் நன்றாக இல்லை என்று ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணரும் அளவை, மாற்றினால் தொடர் அறுந்துபோகும்.

இரண்டாவது முயற்சியின்போது எதிர் வீட்டு அக்கா துணி எடுக்க மாடிக்கு வந்தவர், என் லேப்டாப் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன தம்பி, ராத்திரிப் பூரா இதத்தான் பாத்துக்கிட்டிருக்கியா? வெறும் புள்ளியாத்தான இருக்கு?"

"புள்ளிதான்க்கா. அந்தப் புள்ளி கொஞ்சம் மங்குதான்னு பாக்குறேன்."

"மங்குனா?"

"மங்குனா அதுக்கு முன்னால ஒரு உலகம் போகுதுன்னு அர்த்தம்க்கா."

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் மாடி விளக்கை அணைத்துவிட்டுத்தான் இறங்கினார். இன்றைக்கும் என் மாடியில் முக்காலி தெரிந்தால் அந்த விளக்கு எரியாது.

ஏழாவது: புள்ளிகளைக் கோடாக்குவது

ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் போதும். கறுப்புப் படங்களையும் வேட்டித் துணிப் படங்களையும் வைத்து எல்லாவற்றையும் சுத்தம் செய்து, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி வரிசைப்படுத்துங்கள். பிறகு உங்கள் நட்சத்திரத்தின்மேல் ஒரு வட்டம், அதைச் சுற்றி வான வெளிச்சத்தைக் கழிக்க ஒரு வளையம். அதே அளவில், பக்கத்தில் ஏறக்குறைய அதே பிரகாசமும் நிறமும் உள்ள மூன்று நான்கு ஒப்பீட்டு நட்சத்திரங்களுக்கும் வட்டம் போடுங்கள்.

கணக்கு எப்படி நடக்கிறது என்று ஒரு உதாரணம். நம் நட்சத்திர வட்டத்துக்குள் சேர்ந்த வெளிச்சம் 8,42,000, ஒப்பீட்டு நட்சத்திரத்தில் 6,10,000 என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 1.380. மெல்லிய மேகம் வந்து இரண்டையும் இருபது சதவீதம் குறைத்துவிடுகிறது: 6,73,600, 4,88,000. வகுத்தால் மறுபடியும் 1.380! மேகம் கணக்கிலிருந்தே மறைந்துபோனது. கோள் குறுக்கே வரும்போது மட்டும் நம் நட்சத்திரம் குறையும், மற்றது குறையாது, அப்போது விகிதம் 1.347-க்கு இறங்கும். வீட்டில் இரண்டாவது பல்பு செய்த உதவி இதுதான்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு புள்ளி விழும். தனித்தனியாகப் பார்த்தால் அரை சதவீதம் மேலும் கீழும் சிதறிக் கிடக்கும், ஒன்றும் தெரியாதது போல இருக்கும், மனம் தளர வேண்டாம். பத்துப் பத்தாகச் சராசரி எடுத்துப் போடுங்கள். அன்றைக்கு என் திரையில் முதல் ஒரு மணி நேரம் சமமாகப் போன புள்ளிகள், பத்து ஐம்பதுக்குச் சரியத் தொடங்கி, இருபது இருபத்தைந்து நிமிடத்தில் அடியைத் தொட்டு, தட்டு போல ஓடி, பிறகு ஏறின.

ஆழத்தின் வர்க்கமூலம் எடுத்தால் கோளின் அளவு கையில். 0.024-ன் வர்க்கமூலம் 0.155. எச்டி 189733-ன் விட்டம் சூரியனில் 0.78 பங்கு. பெருக்கினால் 0.12, வியாழன் சூரியனில் 0.1 பங்கு, ஆக நம் கோள் வியாழனைவிடச் சற்றுப் பெரியது. மேகக் கண்ணாமூச்சிக்கு நடுவே, நாலு வாளி தண்ணீர் ஊற்றிய மாடியிலிருந்து போட்ட கணக்கு!

இதே தந்திரம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போன நேரத்தில், ஜவ்வாது மலைக் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் நட்சத்திர வெளிச்சம் எதிர்பாராமல் குறைந்தது பதிவானது. பல இடங்களில் பதிவான அப்படிப்பட்ட மங்கல்களிலிருந்துதான் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பதே தெரியவந்தது.

எட்டாவது: கோள்தானா என்று சந்தேகப்படுங்கள்

தெரிந்த கோளை அளக்கும்போது இது தேவையில்லை, டெஸ் தரவில் புதிதாகத் தேடும்போது இதுதான் எல்லாம். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரங்கள்தான் பெரிய ஏமாற்றுக்காரர்கள். பள்ளத்தின் அடி தட்டையாக, கிண்ணம் போல இருந்தால் நல்ல அறிகுறி, கூர்மையான வி போல இருந்தால் சந்தேகம். ஒற்றைப்படைக் கடப்புகளையும் இரட்டைப்படைக் கடப்புகளையும் தனித்தனியாக மடித்துப் பாருங்கள், ஆழம் வேறு வேறாக இருந்தால் அது இரண்டு நட்சத்திரங்கள் மாறி மாறி மறைப்பது. டெஸ்ஸின் பிக்சல்கள் மிகப் பெரியவை, பக்கத்து நட்சத்திரம் மங்கியதுகூட உங்கள் நட்சத்திரம் மங்கியதாகத் தெரியும், அதையும் பாருங்கள்.

நிலவுகள், வால்நட்சத்திரங்கள், உடைந்த கற்கள்

கோள்கள் ஆறாயிரம் கிடைத்துவிட்டன, ஆனால் அவற்றைச் சுற்றும் நிலவு ஒன்றுகூட இன்னும் உறுதியாகவில்லை. 2018-ல் கெப்ளர்-1625பி என்ற கோளுக்கு நெப்டியூன் பருமனில் நிலவு இருக்கலாம் என்று அலெக்ஸ் டீச்சியும் டேவிட் கிப்பிங்கும் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் தரவை வைத்துச் சொன்னார்கள், 2022-ல் கெப்ளர்-1708பி-க்கும் அப்படி ஒன்று சொல்லப்பட்டது, இரண்டையும் மற்ற ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். நிலவு இருந்தால் கோளின் பள்ளத்துக்கு முன்னாலோ பின்னாலோ சின்னதாக இன்னொரு பள்ளம் வரும், கடப்பு நேரமும் சில நிமிடம் முன்பின் ஆகும். இதற்கு நம் மாடி போதாது.

வால்நட்சத்திரங்கள் கதை வேறு, அது எனக்கு மிகவும் பிடித்தது. தை, மாசியில் தெற்கே அகத்தியர் நட்சத்திரம் பளிச்சென்று எழும், பொதிகைக்கு மேலே என்று நம் பெரியவர்கள் காட்டுவார்களே, அதுதான். அதிலிருந்து மேற்கே ஆறு டிகிரி தள்ளி பீட்டா பிக்டோரிஸ், பொலிவெண் 3.9, இருட்டான இடத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும். 1984-ல் அதைச் சுற்றித் தூசித் தட்டு ஒன்று படத்தில் தெரிந்தது. அதே எண்பதுகளில் நிறமாலையை ஆராய்ந்தவர்கள் வால்நட்சத்திரங்கள் அதற்குள் விழுந்து ஆவியாவதன் தடயத்தைக் கண்டார்கள். 2019-ல் டெஸ் தரவில் அந்த வால்நட்சத்திரங்கள் குறுக்கே போன பள்ளங்களே கிடைத்தன. அந்தப் பள்ளத்தின் உருவம் தனி. சட்டென்று இறங்கும், மெதுவாக ஏறும், ஏனென்றால் தலை முதலில் மறைக்கிறது, நீண்ட வால் பின்னால் இழுபடுகிறது. கணினி நிரல்கள் கிண்ணத்தைத் தேடுவதால் இதைத் தவறவிடுகின்றன. கெப்ளர் தரவில் இப்படிப்பட்டதை முதலில் பிடித்தவர் தாமஸ் ஜேக்கப்ஸ் என்ற ஆர்வலர், இரண்டு லட்சம் நட்சத்திரங்களின் வரைகோடுகளை மாதக்கணக்கில் கண்ணாலேயே பார்த்துப் பிடித்தார். பொறுமை உள்ளவர்களுக்கு இன்னும் இடம் காலியாக இருக்கிறது, பிளானெட் ஹன்டர்ஸ் டெஸ் பக்கத்துக்குப் போய்க் கணக்கு தொடங்கினால் இன்றைக்கே பார்க்க ஆரம்பிக்கலாம், போனே போதும்.

வாழ்ந்து முடித்த நட்சத்திரங்களைக்கூட விடாமல் கற்கள் சுற்றுகின்றன. 2015-ல் டபிள்யூடி 1145+017 என்ற வெள்ளைக் குள்ள நட்சத்திரத்தை, உடைந்து நொறுங்கிக்கொண்டிருக்கும் சிறுகோள் ஒன்று நாலரை மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றுவதைக் கண்டார்கள். வேறு சூரியக் குடும்பத்தில் பிறந்து நம் வாசலுக்கே வந்தவையும் இதுவரை மூன்று: 2017-ல் ஔமுவாமுவா, 2019-ல் போரிசோவ், 2025 ஜூலையில் அட்லஸ். இதில் இரண்டாவதைக் கண்டுபிடித்த கென்னடி போரிசோவ் பயன்படுத்தியது தன் கையாலேயே செய்த 65 செ.மீ தொலைநோக்கி.

கடைசியாக, அளந்ததை எங்கே அனுப்புவது

லேப்டாப்பிலேயே விட்டுவிடாதீர்கள். நாசாவின் எக்ஸோபிளானெட் வாட்ச் திட்டமும், ஐரோப்பாவின் ஏரியல் விண்கலத்துக்காக நடக்கும் எக்ஸோக்ளாக் திட்டமும் ஆர்வலர்களின் கடப்பு நேரங்களை வாங்கிக்கொள்கின்றன. ஒரு கோளின் சுற்றுக் காலத்தில் ஒரு நொடி பிசகு இருந்தாலும் சில ஆண்டில் அது சேர்ந்து பல நிமிடமாகிவிடும், பெரிய தொலைநோக்கி அந்த நேரத்தை நம்பித் திரும்பினால் பாதிக் கடப்பு போய்விடும். அந்தப் பிசகைத் திருத்துவது நம்மைப் போன்றவர்களின் அளவீடுதான்.

அனுப்பும்போது நேரத்தைச் சூரியக் குடும்பத்தின் எடைமையத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். பூமி சூரியனுக்கு இந்தப் பக்கம் இருக்கிறதா அந்தப் பக்கமா என்பதைப் பொறுத்து அதே ஒளி எட்டு நிமிடம் முன்னதாகவோ பின்னதாகவோ நம்மை வந்தடைகிறது, அதைச் சரிக்கட்டத்தான். ஆஸ்ட்ரோஇமேஜ்ஜேயில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. சொந்தத் தொலைநோக்கி இல்லாதவர்களுக்கு எக்ஸோபிளானெட் வாட்ச் ஏற்கெனவே எடுத்த படங்களைக் கொடுக்கிறது, எக்ஸோட்டிக் என்ற அவர்களின் நிரலைக் கோலாபில் ஓட்டி அளந்து அனுப்பலாம். இந்த வருஷம் மழை முடியும் வரை நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கப் போகிறேன்.